நடுவில் ஒரு நாற்காலி

தைனேஸ் வாத்தியாருக்கு அருவருப்பு என்பது பள்ளிக்கூட மணி மாதிரி. நாள் தவறாமல் அடிக்கும்; விடுமுறையில்கூட மறக்காமல் அடிக்கும். பால்காரன் கறக்குமுன் விரலை எதில் நனைத்துக்கொள்கிறான் என்று ஒருமுறை பார்த்துவிட்டார், அன்றோடு காப்பியின் ருசி போயிற்று. பெரிய கடைவீதியில் வெற்றிலைச் சாற்றைத் துப்புகிறவரே, அடுத்தவர் துப்பியதைத் தாண்டும்போது வேட்டியைத் தூக்கிக்கொண்டு மூஞ்சியைச் சுளிப்பதைப் பார்த்தால் அவருக்கு இரட்டைக் குமட்டல் வரும். வந்ததையெல்லாம் வீட்டுக்குக் கொண்டுவந்து மனைவி ரோசம்மாளிடம் வேடிக்கைக் கதையாக இறக்கிவைப்பார்.

"சிரிச்சுட்டா தேவலை. இல்லாட்டி வாந்தி எடுக்கணும். நீதான் அள்ளிப் போடணும்" என்பார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் தொடங்கி வெகுகாலம் அவருடைய கதைகளுக்கு மூலதனம் ஸ்ரீரங்கம்தான். புத்தூரிலிருந்து காவிரிப் பாலத்தைத் தாண்டி நடந்துபோய் அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கும் இங்கிலீஷும் சொல்லிக்கொடுத்தார். பிள்ளைகள் எல்லாம் ஐயங்கார் வீட்டுப் பிள்ளைகள். கிணற்றடியில் எல்லாருக்கும் பொதுவாக ஒரு பித்தளைச் செம்பு இருக்கும். சற்றுத் தள்ளி மாமரக் கிளையில் நசுங்கிய டம்ளர் ஒன்று கவிழ்ந்து தொங்கும். அது கிறிஸ்தவ வாத்தியாருக்கு. தாகம் எடுத்தால் அதைக் கழற்றி நீட்டவேண்டும், எவனாவது ஒரு பையன் ஒரு முழ உயரத்திலிருந்து ஊற்றுவான். பாதி டம்ளருக்குள் விழும், பாதி வாத்தியாரின் சட்டைக்குள் விழும்.

தலைமையாசிரியர் தாத்தாச்சாரியார் நல்ல மனிதர். அதுதான் சங்கடம்.

"நீர் ஒண்ணும் மனசுல வெச்சுக்கப்படாது, தைனேஸ். நேக்கு ஆக்ஷேபமே இல்லை. ஆத்துல பெரியவா இருக்கா, ஆசாரம்னு ஒண்ணு இருக்கே" என்பார், வருஷத்துக்கு ஒருமுறையாவது.

மூக்குப்பொடி கொடுப்பதிலும் அவர் தாராளம். ஆனால் டப்பாவை நீட்டமாட்டார். இரண்டு விரலில் எடுத்து, வாத்தியாரின் உள்ளங்கைக்கு மேலே நிறுத்தி, விபூதி தூவுவதுபோல் விடுவார். காற்று அடித்தால் பொடி மூன்றாம் வகுப்புக்குப் போய்விடும். அன்று மூன்றாம் வகுப்பு முழுக்கத் தும்மும்.

இதை வாத்தியார் நடித்துக் காட்டினால் வீடே சிரிக்கும். ஒருநாள் ரோசம்மாள் மட்டும் சிரிக்காமல் புளி கரைத்துக்கொண்டிருந்தாள்.

"அவங்க மரத்துல டம்ளர் தொங்குது, சரி. நம்ம கொல்லைப்பக்கம் தேங்காய்ச்செரட்டை ஒண்ணு தொங்குதே, அது யாருக்குங்க?"

அது கொல்லையைச் சுத்தம் செய்ய வருகிறவளுக்கு. அவளும் கிறிஸ்தவள்தான். அதே கோயில், அதே பூசை. வாத்தியார் அப்போது மூக்குப்பொடிக்காகக் கையை நீட்டின பாவனையில் நின்றிருந்தார். கையை மெதுவாக இறக்கிக்கொண்டார். அந்தக் கதையை அதற்குப் பிறகு வீட்டில் சொல்லவில்லை. சிரட்டையையும் எடுக்கவில்லை.

அவர்கள் போகிற கோயிலில் நட்டநடுவே, பீடத்திலிருந்து வாசல்வரைக்கும் ஒரு மரக்கிராதி இருந்தது. இந்தப் பக்கம் வாத்தியாரின் ஆட்கள். அந்தப் பக்கம் மற்றவர்கள். சாதி என்ற வார்த்தையை அங்கே யாரும் சொல்வதில்லை. சர்வேசுரன் சந்நிதியில் சொல்லலாமா. 'பக்கம்' என்றுதான் சொல்வார்கள். "அவங்க எந்தப் பக்கம்?" என்று கேட்டால் போதும், பெண் கொடுப்பது முதல் பிணம் எடுப்பதுவரை எல்லாவற்றுக்கும் பதில் கிடைத்துவிடும். முப்பதுகளின் தொடக்கத்தில் மேலிடத்து உத்தரவு வந்து கிராதியைப் பிடுங்கினார்கள். இந்தப் பக்கத்துப் பெரியவர்கள் பல மாதம் கோயிலுக்கே வராமல் முறுக்கிக்கொண்டிருந்தார்கள். வாத்தியார் வந்தார். வந்து, தன் பழைய இடத்திலேயே உட்கார்ந்தார். கிராதி போன இடத்தில் தரையில் ஒரு வெள்ளைக்கோடு இருந்தது, அதைத் தாண்டி ஒருத்தரும் உட்காரவில்லை. அவரும் உட்காரவில்லை.

அந்தக் கோயிலில் பெரிய வியாழக்கிழமை பிற்பகல் பாதங் கழுவுகிற சடங்கு நடக்கும். சேசுநாதர் தம் சீஷர்கள் பன்னிரண்டு பேருக்குக் கால் கழுவினாரல்லவா, அந்த ஞாபகத்தில் சாமியார் பன்னிரண்டு ஆண்பிள்ளைகளின் காலைக் கழுவித் துடைத்து முத்தம் வைப்பார். பீடத்தின் முன்னால் வரிசையாகப் பன்னிரண்டு நாற்காலி. ஒவ்வொன்றின் முதுகிலும் காகிதத்தில் ஒரு சீஷரின் பெயர்: இராயப்பர், பெலவேந்திரர், சந்தியாகப்பர், அருளப்பர். கழுவிக்கொள்ள வருகிறவர்கள் முந்தினநாளே வீட்டில் பீர்க்கங்கூடு போட்டுத் தேய்த்து, குதிகால் பளபளக்கத்தான் வருவார்கள். சாமியாருக்கு வேலை மிச்சம்.

பன்னிரண்டாவது நாற்காலி, சேசுநாதரைக் காட்டிக்கொடுத்த யூதாஸ். பழைய பிரெஞ்சுச் சாமியார் பிடிவாதக்காரர்: "ஆண்டவர் அவன் காலையும் கழுவினார், நாம் யார் தள்ளிவைக்க" என்று பெயரை ஒட்டிவிட்டார். ஒருத்தனும் உட்காரவில்லை. இராயப்பர் நாற்காலிக்கு இரண்டு குடும்பம் அடித்துக்கொண்டிருந்த நேரத்தில், வாத்தியார்தான் எழுந்து, "எனக்குக் குடுங்க. பரீட்சையில ஃபெயில் போட்ட வகையில நான் காட்டிக்குடுத்த பிள்ளைங்க கணக்குத் தனியா இருக்கு" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து வருஷாவருஷம் அவர்தான். பையன்கள் முதுகுக்குப் பின்னால் யூதாஸ் வாத்தியார் என்றார்கள். ரோசம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், "புத்தியுள்ள மனுஷன் தேடிப்போய் வாங்குற பேரா இது?" என்று.

உண்மையில் அவருக்கு அந்த நாற்காலி பிடித்திருந்தது. மற்ற பதினொருவரும் புண்ணியவான்கள் மாதிரி உட்காரவேண்டும். அவர் சும்மா உட்காரலாம். கடைசி ஆள் என்பதால் தண்ணீர் அவரிடம் வரும்போது கலங்கிப்போயிருக்கும், துண்டு ஈரமாயிருக்கும். போதாததற்கு அவர் வலது காலில் தீராத கரப்பான். தோல் கறுத்து வெடித்து, எந்தக் களிம்புக்கும் அடங்காதது. அதை நாலு பேர் பார்க்க நீட்டுவதற்கு யூதாஸ் என்ற பெயர் ஒரு சௌகரியம்.

முப்பத்தாறாம் வருஷம் இரண்டு காரியம் சேர்ந்தாற்போல் நடந்தது. வாத்தியாரின் ஒரே மகள் பிலோமினாவுக்கு, தட்டித் தட்டிப்போய், இருபத்தாறாவது வயதில் ஒரு வரன் கூடிவந்தது. மாப்பிள்ளை கிளமென்ட், பொன்மலை ரயில்வே ஆபீசில் குமாஸ்தா. முன்பல்லில் ஒரு இடைவெளி. சிரித்தால் பார்க்கிறவர்களுக்கும் சிரிப்பு வரும். பெண் பார்க்க வந்தபோது பிலோமி கதவிடுக்கில் நின்று அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டாள் என்பது வீட்டுக்கே தெரியும். உயிர்ப்புப் பண்டிகையான பாஸ்கு முடிந்ததும் கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிப்பது, வைகாசியில் கல்யாணம் என்று பேச்சு.

இரண்டாவது, புதுச் சாமியார். இளவயசு, வழவழப்பில்லாத பேச்சு. பாஸ்குக்கு முந்தின தவசுகாலத்து நாலாம் ஞாயிறன்று பிரசங்கத்தில் சொல்லிவிட்டார்: இந்த வருஷம் பன்னிரண்டு பேரில் ஆறு பேர் அந்தப் பக்கம்.

மறுநாளே லால்குடியிலிருந்து சம்பந்தி மரியசூசை வந்து இறங்கினார். கிளமென்டின் அப்பா, நஞ்சை நிறைய, அதைவிடப் பங்காளிகள் நிறைய; அதில் பாதிப்பேர் இந்தக் கோயில்காரர்கள். ரோசம்மாள் மோர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"சின்ன விஷயந்தான் சம்பந்தி."

"சின்ன விஷயத்துக்கு நீங்க ரயில் ஏற மாட்டீங்களே" என்றார் வாத்தியார்.

மரியசூசை சிரித்தார். "புதுச்சாமி சொன்னதைக் கேட்டீங்க. நாம வேணாங்கலை. காலம் அப்படி. ஆனா ஒண்ணு பாருங்க. பன்னண்டு நாக்காலியும் ஒட்டி ஒட்டிக் கெடக்கும். ஆறாவது ஆளும் ஏழாவது ஆளும் தோளோட தோள் இடிக்கும். அந்த ஆறாவதுல யாரு உக்காருவா? நம்ம பக்கத்துல ஒருத்தன் ஒத்துக்க மாட்டேங்கிறான்."

"சரி."

"அதுக்குத்தான் ஒரு வழி கண்டுபிடிச்சிருக்கோம். யூதாஸ் நாக்காலியைக் கடைசிலேர்ந்து தூக்கி நடுவுல போட்டுருவோம். இந்தப் பக்கம் நம்மாளுங்க அஞ்சு பேரு. அந்தப் பக்கம் அவங்க ஆறு பேரு. நடுவுல அது காலியா இருக்கட்டும். வேதத்துலயே இருக்கு, அவன் பாதிப் பந்தியில எந்திரிச்சுப் போயிட்டான். சாமியாரு வாயைத் தொறக்க முடியாது."

பிடுங்கி எறிந்த கிராதியை இவர்கள் நாற்காலியாகச் செய்து திரும்பக் கொண்டுவருகிறார்கள். அதுவும் வேத வசனத்தை ஆணியாக அடித்து. இத்தனை வருஷ வாத்தியார் வேலையில் இவ்வளவு சுத்தமான அயோக்கியத்தனத்தை அவர் பார்த்ததில்லை. முழுமதிப்பெண் போடலாம்.

"கால் கழுவினப்புறந்தானேங்க அவன் எந்திரிச்சுப் போனான்" என்றார்.

"வாத்தியாரே, நீங்க வேதம் பேசுறீங்க. நான் கல்யாணம் பேசுறேன்."

"நான் என்ன செய்யணும்?"

"ஒண்ணுமே செய்ய வேணாம். அதுதான் இதுல அழகு. வீட்டுலயே இருங்க. வயித்துவலின்னு சொல்லிடுங்க. யாரு மனசையும் நோகடிக்க வேணாம் பாருங்க."

"வயிறு நல்லா இருந்துச்சுன்னா?"

"நம்ம வயசுக்கு நல்லா இருக்காது."

"சரி, வந்து உக்காந்துட்டேன்னு வைங்க."

மரியசூசை மோர் டம்ளரைக் கீழே வைத்தார். கோபப்படவில்லை. "அப்புறம் எங்க பங்காளிங்க வந்து உக்காருற பந்தியில உங்களை நான் எங்கே உக்கார வைக்கிறது? நீங்களே சொல்லுங்க. எனக்கு ஆக்ஷேபம் இல்லை. நாலு பேரு இருக்காங்க."

எதற்கெடுத்தாலும் ஒரு வேடிக்கை வைத்திருக்கிற வாத்தியார் அன்று "சரிங்க" என்றார். அவ்வளவுதான் வந்தது.

அன்று ராத்திரி சாப்பிடும்போது அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"ஒருநாள் வயித்துவலி" என்றாள் ரோசம்மாள். "உலகத்துல எத்தனை பேருக்கு நெசமாவே வலிக்குது. நீங்க படுத்துக்கிட்டு ரெண்டு ஜெபமாலை சொல்லுங்க. சர்வேசுரன் கோவிச்சுக்க மாட்டாரு."

"அந்த நாக்காலி எதுக்குன்னு உனக்குத் தெரியும்ல?"

"தெரியும். என் மவளுக்கு இருபத்தாறு வயசுன்னும் தெரியும்."

வாத்தியார் மகளைப் பார்த்தார். "உனக்கு என்னம்மா தோணுது?"

பிலோமி ரசத்தை ஊற்றிவிட்டு நிமிர்ந்தாள். "என்னைக் கேக்காதீங்கப்பா. கேட்டா எனக்குக் கல்யாணம் வேணும்னுதான் சொல்லுவேன். அப்புறம் ஊருல, நான் என்ன செய்யிறது, பிலோமி சொன்னாள்னு சொல்லிக்குவீங்க."

மகள் சரியான இடத்தில் கைவைத்திருந்தாள். அதைத்தான் சொல்லிக்கொள்வதாக இருந்தார்.

பெரிய வியாழன் காலையிலிருந்தே ரோசம்மாள் வயிற்றுவலிக்கு ஏற்பாடு செய்தாள். வலி வருமுன்னே மருந்து வந்தது. பெரிய சட்டியில் ஓமம் கொதித்தது. வாசனை தெருக்கோடிவரை போனது. "குடிச்சுருங்க. வாயில வாசனை வந்தாத்தான் நம்புவாங்க" என்று ஒரு லோட்டாவை வைத்துவிட்டுக் கோயிலுக்குப் போனாள், சாமியாரிடம் சொல்ல. கோயில்பிள்ளை பார்க்க வந்தார். கோயிலுக்கு மணியடித்து மெழுகுதிரி ஏற்றுகிறவர் அவர். நாற்காலி சமாசாரம் முழுக்கத் தெரிந்தவர். தெரிந்தும் கட்டிலருகில் நின்று, "அடடா, வாத்தியாருக்கா இப்படி, அதுவும் இன்னைக்குப் பார்த்து" என்று உச்சுக்கொட்டினார். வாத்தியாரும் தெரிந்தே முனகினார். இரண்டு பேரும் நன்றாக நடித்தார்கள். கோயில்பிள்ளை போன பிறகு வாத்தியார் அந்த முனகலை நினைத்துச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

படுத்த இடத்தில் ஒன்று தெரிந்தது. தெரியாமலே இருந்திருக்கலாம்.

இத்தனை நாளும் வாத்தியார் மரியசூசையை அருவருத்தார், பங்காளிகளை அருவருத்தார், வேதத்தை வளைக்கிற வாய்களை அருவருத்தார். இப்போது, யாரும் இல்லாத அறையில், தன் உடம்பு நிம்மதியாகக் கைகாலை நீட்டிக் கிடப்பதைக் கவனித்தார். அப்பாடா என்று இருந்தது அதற்கு. கல்யாணம் பிழைத்தது என்பதற்காக அல்ல. அந்தப் பக்கத்து ஆறு பேரோடு ஒரே தண்ணீரில் தான் கால்விட வேண்டாம் என்பதற்காக. செம்பட்டு என்ற ஊரில் தோல் கிடங்கில் வேலை செய்கிற சின்னப்பன் பக்கத்து நாற்காலியில் உட்காருவான், அவன்மேல் ஊறின தோல் நாற்றம் வரும், அவனுக்கும் தனக்கும் ஒரே துண்டு என்று தொண்டைக்குழிக்குள் ஒரு குமட்டல் இத்தனை நாளாகச் சுருண்டு கிடந்திருக்கிறது. மரியசூசை அதற்கு ஒரு நாற்காலி போட்டு உட்காரவைத்திருக்கிறார், அவ்வளவுதான். 'எனக்கு ஆக்ஷேபமே இல்லை' என்று மனசு சொல்லிக்கொண்டது. ஸ்ரீரங்கத்து ராகத்தில் சொன்னது.

வாத்தியார் எழுந்து உட்கார்ந்தார். ஓமத்தண்ணீர் ஏப்பமாக வந்தது. செருப்பைத் தேடினார்.

வாசற்கதவில் பிலோமி நின்றாள். "எங்கே?"

"கோயிலுக்கு."

"வயித்துவலி?"

"போயிடுச்சு."

அவள் நகரவில்லை. குரல் உயரவும் இல்லை. "நீங்க மோட்சத்துக்குப் போற வண்டிக்கு நானாப்பா மாடு?"

வாத்தியார்களுக்குப் பதில் இல்லாத கேள்வி அபூர்வம். வந்தால் பிள்ளையைப் பெஞ்சின்மேல் ஏற்றிவிடுவார்கள். இவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"மோட்சத்துக்குப் போற மூஞ்சியாம்மா இது? அதெல்லாம் இல்லை. படுத்திருக்க முடியலை. குமட்டுது. எம்மேலயே குமட்டுது."

"அப்ப நெசமாவே வயித்துவலிதான்" என்றாள் பிலோமி. பிறகு கதவிலிருந்து கையை எடுத்தாள். "சட்டையை மாத்திக்கிட்டுப் போங்க. ஓமம் நாறுது."

அவர் போய்ச் சேர்ந்தபோது கோயில் நிறைந்திருந்தது. பீடத்தின் முன்னால் இந்தப் பக்கத்து ஐந்து பேர், அந்தப் பக்கத்து ஆறு பேர், நடுவில் காலி நாற்காலி. சும்மா காலியாக இல்லை. இரண்டு புறமும் ஒரு சாண் தள்ளிப் போட்டிருந்தார்கள். சாமியார் வெள்ளைத் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முதல் காலுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். வாத்தியார் நடுவழியில் நடந்தார். அது கிராதி இருந்த வழி. முன்வரிசையில் மரியசூசையின் கழுத்து திரும்பியது. பெண்கள் பக்கம் ரோசம்மாள் வாயில் முந்தானையை வைத்தாள்.

வீரமாக நடந்தார் என்று சொல்ல ஆசைதான். வலது கால் செருப்பு வழியில் கழன்று, ஒற்றைச் செருப்போடு நொண்டிக்கொண்டு போய் உட்கார்ந்தார். ஐந்தாவது நாற்காலிக்காரர் மெல்ல விலகிக்கொண்டார். ஏழாவதில் சின்னப்பன். தும்பைப்பூ வேட்டி, தலையில் தேங்காயெண்ணெய். தோல் நாற்றம் எதுவும் இல்லை. நாற்றம் வரவில்லையே என்று வாத்தியாரின் மூக்கு இன்னும் தேடிக்கொண்டிருந்தது. அந்த மூக்கை அறுத்து எறியலாம் போலிருந்தது.

சின்னப்பன் வாத்தியாரின் காலைப் பார்த்தான். குனிந்து நன்றாகவே பார்த்தான். தன் காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டான்.

"ஐயா, இது ஒட்டுமுங்களா?" என்று கிசுகிசுத்தான்.

"ஒட்டாது."

"டாக்டரு சொன்னாருங்களா?"

"என் சம்சாரத்துக்கு இத்தனை வருஷமா ஒட்டலை."

"அவுங்களுக்கு ஒட்டாதுங்க. எங்களுக்கு நாள்பூரா சுண்ணாம்புத் தண்ணியில நிக்கிற காலு. ஒரு புண்ணு வந்தா வேலை போச்சு. தப்பா நெனைக்காதீங்க, உங்களைத் துடைச்ச துண்டு எனக்கு வேணாம்."

வாத்தியாரின் காதுமடல் சுட்டது. என்ன தைரியம் இவனுக்கு என்ற வார்த்தை முழுசாக நாக்கின் நுனிக்கு வந்துவிட்டது. யூதாஸ் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறோம், அதற்குப் பொருத்தமான எண்ணந்தான் என்று அதை விழுங்கினார். ஓமத்தண்ணீரைவிடக் கசந்தது.

சாமியார் அவர் முன்னால் வந்து மண்டியிட்டார்.

"சாமி, முதல்ல அவரு காலைக் கழுவிருங்க" என்றார் வாத்தியார். "எனக்குக் கரப்பான். அவரு பயப்படுறாரு. நியாயந்தான்."

சாமியார் இருவரையும் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் சின்னப்பன் பக்கம் நகர்ந்து, அவன் காலைக் கழுவித் துடைத்து முத்தமிட்டார். மிச்சமிருந்தவர்களையும் அதே வரிசையில் முடித்துவிட்டு, வாத்தியாரிடம் திரும்பி வந்தார். தண்ணீர் கலங்கியிருந்தது. அந்தப் பக்கத்து ஆறு பேரின் கால்பட்ட தண்ணீர். எண்ணாதே என்றாலும் மனசு எண்ணியது. அடிவயிற்றிலிருந்து குமட்டல் எழுந்து தொண்டைக்கு வந்து நின்றது. ஏதாவது ஒரு தேவ கிருபை வந்து அதைத் துடைத்துப்போடும் என்று வாத்தியார் ஒரு கணம் காத்திருந்தார். ஒன்றும் வரவில்லை. குமட்டல் போகவில்லை. கால் மட்டும் உள்ளே போனது.

வெளியே வந்ததும் மரியசூசை வேப்பமரத்தடியில் காத்திருந்தார். அப்போதும் கோபப்படவில்லை. "வாத்தியாரே, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் ரயில் ஏறியிருக்க மாட்டேன்" என்றார். சம்பந்தி என்ற வார்த்தை அதற்குள் ஓடிவிட்டிருந்தது. அவருக்குப் பின்னால் கிளமென்ட் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றான். வாத்தியார் அவனைப் பார்த்தார். அவன் சைக்கிள் மணியின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தான். அது ஏற்கெனவே இறுக்கமாகத்தான் இருந்தது. பிலோமி தாமதமாகக் கிளம்பி அப்போதுதான் கோயில் வாசலுக்கு வந்தாள். அவள் வருவது கிளமென்டுக்குத் தெரிந்தது. நிமிரவில்லை.

அவனாவது ஒருநாள் வருவான், அப்பாவை மீறி இரண்டு வார்த்தை சொல்வான் என்று வைகாசிவரைக்கும் வீட்டில் ஒருத்தரும் வெளியே சொல்லாமல் எல்லாரும் காத்திருந்தார்கள். ஆடியில் அவனுக்கு லால்குடியிலேயே கல்யாணம் ஆனது. ரோசம்மாள் ஒரு வருஷம் புருஷனுக்கு ரசம் மட்டும் ஊற்றினாள். வாத்தியார் ஸ்ரீரங்கத்திலிருந்து ரிடையராகி, வீட்டோடு இருந்து, கோயிலுக்கும் வீட்டுக்கும் நடந்து, மூப்படைந்தார். பழைய வேடிக்கைகள் குறைந்துபோயின; சொல்ல வாயெடுப்பார், மகள் எதிரில் இருந்தால் இருமலாக மாற்றிவிடுவார். பிலோமி பெண்பிள்ளைகள் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தாள். அப்பாவுக்கு வேளாவேளைக்கு எல்லாம் செய்தாள். அந்த வியாழக்கிழமையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

நாற்பத்துநாலில், யுத்தகாலத்தில், ரேஷன் அரிசியில், அவளுக்கு முப்பத்துநாலாம் வயதில் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை புதுக்கோட்டையில் கம்பவுண்டர், மனைவியை இழந்தவர், சாது. கல்யாணத்தன்று விடியற்காலையில் வாத்தியாரே காப்பி போட்டு மகளுக்கு எடுத்துப் போனார். அவள் தலைவாரிக்கொண்டிருந்தாள். காப்பி தண்ணீராக இருந்தது; குடித்தாள்.

"பிலோமி, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க. எட்டு வருஷமா கேக்கத்தானே வாயைத் தொறக்குறீங்க."

"கோவம் போயிடுச்சாம்மா?"

அவள் சீப்பிலிருந்த முடியைச் சுருட்டிக்கொண்டே யோசித்தாள். "இல்லைப்பா. இருக்கு. இவரு நல்லவருதான். ஆனா அந்தப் பொன்மலைக்காரரு சிரிச்சா நல்லா இருக்கும். இருக்கத்தானே செய்யும் கோவம்."

வாத்தியார் தலையாட்டினார். கிளம்பப் போனவரை அவள் கூப்பிட்டாள்.

"அன்னைக்கு நீங்க ஓமத்தண்ணியைக் குடிச்சுட்டுப் படுத்தே கெடந்திருந்தீங்கன்னு வைங்க. எனக்குக் கல்யாணம் ஆயிருக்கும், வீட்டுக்கு வரப்போக இருப்பேன். உங்க தட்டுல சோறு போடுறப்ப எனக்கு அருவருப்பா இருந்திருக்கும். அதோட எப்படிப்பா காலந்தள்ளுறது? கோவம்னா பரவாயில்லை, அதோட சோறு போட முடியுது. எட்டு வருஷம் போட்டேன்ல."

வாத்தியாருக்கு ஏதாவது வேடிக்கையாகச் சொல்ல வேண்டும்போல் இருந்தது. ஒன்றும் வரவில்லை. மூக்கு மட்டும் ஒழுகியது.

"மூக்கைத் துடைங்க, பார்க்க நல்லா இல்லை" என்றாள் மகள். "இந்தப் பின்னலைக் கொஞ்சம் பிடிங்க. அம்மாவைக் கூப்பிட்டா இழுத்து இழுத்துக் கட்டுவாங்க."

அவர் பிடித்துக்கொண்டார்.